அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள்: பழைய ஸ்டுடியோப் படங்கள் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டுடியோப் படங்களைச் சேகரிப்பது பற்றியும் அவற்றைப் பார்த்துப் பொருள்கொள்வது பற்றியும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறேன். படத்தின் நகலை அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் முகம் தெரியும் பக்கத்தை மட்டும் அனுப்புகிறார்கள். அட்டையின் பின்பக்கத்தையும் நான்கு ஓரங்களையும் சேர்த்து அனுப்பினால்தான் உறுதியாக ஏதாவது சொல்ல முடியும்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் இருந்த மரப்பெட்டியில், உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டை ஒன்றில் ஒட்டிய படம் கிடைத்தது. தலைப்பாகையும் நீண்ட கோட்டும் அணிந்த ஒருவர் நிற்கிறார். கீழே சென்னை ஸ்டுடியோ ஒன்றின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியுள்ளது. இது 1850 வாக்கில் எடுத்த படம் என்று எங்கள் பெரியப்பா சொல்கிறார். சரியாக இருக்குமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: பெரியப்பா சொல்லும் ஆண்டு பொருந்தாது. அட்டையின் அளவே அதற்குச் சான்று. ஏறத்தாழ ஆறேகால் சென்டிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் கொண்ட இந்த வகை அட்டைப் படத்துக்குக் ‘கார்ட் தெ விசித்’ என்று பெயர். பாரிஸ் நகரில் ஸ்டுடியோ வைத்திருந்த திஸ்தேரி என்பவர் 1854இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படங்கள் வரை எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டு, துண்டு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டியதால், அதுவரை பெரும்பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டிய படம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. ஆயினும் இந்த அளவு உலகெங்கும் பரவியது 1860க்குப் பிறகுதான். அந்த ஆண்டில் லண்டனில் மேயால் என்ற புகைப்படக்காரர் விக்டோரியா அரசியின் குடும்பப் படங்களை இதே அளவில் வெளியிட்டதும், ஆல்பம் சேர்க்கும் மோகம் வீடுகள்தோறும் பற்றிக்கொண்டது. சென்னையில் 1856ஆம் ஆண்டிலேயே புகைப்படச் சங்கம் ஏற்பட்டுவிட்டது என்றாலும், உங்கள் கையில் இருக்கும் அட்டையை 1860க்கு முன்னால் கொண்டுபோக இடமில்லை. பழைய ஓவியம் ஒன்றையோ பழைய படம் ஒன்றையோ பின்னாளில் நகலெடுத்திருந்தால் மட்டும், அட்டையைவிட அதிலுள்ள உருவம் பழையதாக இருக்கலாம்.

அடுத்து மூலைகளைப் பாருங்கள். 1860களின் அட்டைகள் மெல்லியவை. அவற்றின் மூலைகள் கூராக இருக்கும். 1870களின் தொடக்கத்திலிருந்து மூலைகளை வளைவாக வெட்டும் வழக்கம் வந்தது. 1880களில் அட்டை தடித்தது. கறுப்பு, கரும்பச்சை போன்ற அடர்ந்த நிறங்களும், சாய்வாகச் சீவித் தங்கப்பூச்சு பூசிய விளிம்புகளும் அப்போது பெருகின. ஆனால் இது ஐரோப்பியக் கணக்கு. நம் ஊர் ஸ்டுடியோக்களுக்கு அச்சிட்ட அட்டைகள் பெரும்பாலும் கப்பலில் வந்தன. பாரிஸிலும் லண்டனிலும் இருந்த மேரியன் நிறுவனத்தின் பெயர் பல அட்டைகளின் பின்பக்க அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் காணலாம். வாங்கிய இருப்பு தீரும்வரை பழைய அட்டையிலேயே புதுப் படத்தை ஒட்டியிருப்பார்கள். ஆகையால் மூலையை மட்டும் நம்பி ஆண்டு சொன்னால் சில ஆண்டுகள் பிசகக்கூடும்.

நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் படத்தின் வெளிச்சமான பகுதியை, உதாரணமாக வேட்டி மடிப்பை, அதன்வழியே பாருங்கள். தாளின் நார்கள் தெரிகின்றன, மேலே மெல்லிய பளபளப்பும் நுண்ணிய வெடிப்புகளும் இருக்கின்றன, வெள்ளை மஞ்சளித்திருக்கிறது என்றால் அது முட்டையின் வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் தாள். 1850இல் அறிமுகமான இந்தத் தாள் 1890கள் வரை ஸ்டுடியோக்களை ஆண்டது. நார்கள் தெரியாமல் வழுவழுப்பான வெண்பூச்சு தாளை மூடியிருந்தால், அது 1880களின் நடுப்பகுதிக்குப் பிறகு பரவிய ஜெலட்டின் வகைத் தாளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றையும்விட வளமான சான்று பின்பக்கத்தில்தான் இருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் தாங்கள் பெற்ற பதக்கங்களையும் பெரிய மனிதர்களின் ஆதரவையும் அங்கே அச்சிட்டுக்கொண்டார்கள். வேல்ஸ் இளவரசரின் ஆதரவு பெற்றவர் என்று சென்னை ஸ்டுடியோ ஒன்று அச்சிட்டிருந்தால், இளவரசர் சென்னைக்கு வந்த 1875 டிசம்பரை நினைவில் கொள்ள வேண்டும். ஆளுநர் வென்லாக் பிரபுவின் பெயர் இருந்தால், அவர் பதவியேற்ற 1891க்கு முன்னால் அந்த அட்டை அச்சாகியிருக்க முடியாது. பதக்கத்தில் பொறித்த ஆண்டும் அப்படியே; அதற்குப் பிந்தையது என்று மட்டுமே அது சொல்லும், எவ்வளவு பிந்தையது என்று சொல்லாது. தெருப்பெயரும் கதவு எண்ணும் இருந்தால், அசைலம் பிரஸ் ஆண்டுதோறும் வெளியிட்ட சென்னை அல்மனாக் என்ற விவரக் கையேட்டின் பழைய தொகுதிகளில், அந்த ஸ்டுடியோ எந்த ஆண்டு எந்த முகவரியில் இருந்தது என்று தேடிப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பெயர் ஸ்டுடியோவுக்கு உரியது, படம் எடுத்த கைக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1870இல் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் பெயரைத் தாங்கிய ‘போர்ன் அண்ட் ஷெப்பர்ட்’ ஸ்டுடியோவின் பலகை கல்கத்தாவில் 2016 வரை தொங்கியது. நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பிரதி கிடைக்கும் என்று பல அட்டைகளின் பின்னால் அச்சிட்டிருப்பதையும் கவனியுங்கள். எடுத்த ஆண்டு ஒன்று, அச்சிட்ட ஆண்டு வேறொன்று என்பது இந்தத் துறையில் அன்றாடம் காணும் செய்தி.

கேள்வி: என்னிடம் உள்ள படத்தில் நிற்கும் பெரியவரின் காலடிக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின் அடிப்பகுதி தெரிகிறது. இறந்தவரை நிமிர்த்தி நிறுத்திக் கட்டி எடுத்த படம் என்று இணையத்தில் பார்த்த நண்பர் சொல்கிறார். வீட்டில் வைத்திருக்கவே தயக்கமாக இருக்கிறது. (திருச்சி வாசகர்)

பதில்: தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரும்புத் தாங்கி தெரிவதே அவர் உயிருடன் நின்றார் என்பதற்கு அடையாளம். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளில் படம் பதியச் சில விநாடிகள் பிடித்தன. மேகமூட்டமான நாளில் இன்னும் நேரமாகும். அவ்வளவு நேரம் நிற்பவரின் தலை இம்மியளவு அசைந்தாலும் முகம் கலங்கிவிடும். அதனால் கனத்த அடித்தட்டு கொண்ட தண்டு ஒன்றைப் பின்னால் நிறுத்தி, அதன் முனையில் இருக்கும் கவையைப் பிடரியில் மெல்லப் பொருத்துவார்கள். நிற்பவர் அசையாமல் இருக்க அது நினைவூட்டுமே தவிர, உயிரற்ற உடலின் முழுப் பாரத்தையும் தாங்கி நிறுத்த அதனால் ஆகாது.

இறந்தவர்களைப் படம் எடுக்கும் வழக்கம் உண்மையில் இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படுக்கையில் கிடத்தியோ, குழந்தையானால் தாயின் மடியில் வைத்தோ எடுத்தார்கள். நம் பக்கத்தில் மாலையிட்டு நாற்காலியில் அமர்த்தி, உறவினர் சூழ நிற்க எடுத்த படங்களைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தப் படங்களில் எதையும் மறைக்கும் முயற்சி இருக்காது. உயிருள்ளவர் போலத் தோற்றம் காட்டி நிறுத்தி வைத்த பிணம் என்ற கதை, பழைய படங்களைக் கூடுதல் விலைக்கு விற்க விரும்புகிறவர்களுக்குத்தான் பயன்படுகிறது. சில படங்களில் கண்மணிகள் மையால் தீட்டப்பட்டிருப்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். கண் சிமிட்டியதால் கலங்கிய விழியைத் திருத்துவது அன்றைய ஸ்டுடியோவின் வழக்கமான வேலை.

கேள்வி: என் கொள்ளுப்பாட்டியின் திருமணத்தை ஒட்டி எடுத்ததாகச் சொல்லப்படும் படத்தில் அவர் கறுப்புச் சேலை உடுத்தியிருக்கிறார். முகமும் கைகளைவிடக் கறுத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குக் கறுப்பு உடுத்தும் வழக்கமே இல்லை. இது வேறு யாருடைய படமோ என்று சந்தேகமாக இருக்கிறது. (மதுரை வாசகி)

பதில்: உங்கள் கேள்வியில் இருக்கும் இரண்டு குறிப்புகளுமே, இது மணக்கோலம்தான் என்ற பக்கம் சாய்கின்றன. அக்காலத்துத் தகடுகளில் இருந்த வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு ஏறத்தாழ இருட்டு. ஆகவே அரக்குச் சிவப்பில் நெய்த கூறைச் சேலை படத்தில் கறுப்பாக விழும். மஞ்சள் பூசிக் குளித்த முகம், பூசாத முன்கைகளைவிடக் கறுத்துத் தெரியும். குங்குமப் பொட்டு கரும்புள்ளியாகவும், மஞ்சள் சரடு கழுத்தில் கறுப்புக் கயிறு போலவும், தங்க நகை ஒளி பட்டு மின்னும் இடம் தவிர மற்ற இடங்களில் மங்கிக் கருகியும் தெரியும். நெற்றியில் திருநீறு இட்டிருந்தால் அது மட்டும் வெள்ளையாகவே நிற்கும். நிறங்களை ஓரளவு சமமாக உணரச் செய்யும் வழியை ஜெர்மானிய வேதியியலாளர் ஃபோகல் 1873இல் கண்டார். அந்த முறையில் செய்த தகடுகள் 1880களில்தான் விற்பனைக்கு வந்தன. அவையும் சிவப்பை உணரவில்லை. சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடு சந்தைக்கு வந்தது 1906இல்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கருநீலச் சேலை படத்தில் வெளிறிப்போய்க் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியக்கூடும். வெளிறிய சேலையைக் கண்டவுடன் கைம்பெண் என்று எழுதி வைத்துவிட்ட படங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றைக் குறிப்பால் ஒரு குடும்பத்தின் வரலாறே கோணிப்போகும். சேலையின் நிறத்தை விட்டுவிட்டு, கழுத்துச் சரடு, வளையல், காலில் மெட்டி, நெற்றிப் பொட்டு ஆகியவற்றை லென்ஸால் பாருங்கள். கரையின் நெசவும் முந்தானையின் கோடுகளும் நிறத்தைவிட நம்பகமானவை. பழைய சேலைகளை அறிந்த நெசவாளர் ஒருவரிடம் காட்டினால் உங்களுக்குத் தெரியாததை அவர் சொல்வார். படத்தின்மீது பின்னால் வண்ணம் தீட்டியிருந்தால் அந்த வண்ணத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். சேலையை நேரில் பாராத ஓவியர் தம் விருப்பப்படி பச்சையோ நீலமோ தீட்டியிருக்கக்கூடும்.

கேள்வி: 1890களில் கொழும்பு ஸ்டுடியோவில் எடுத்த எங்கள் குடும்பப் படத்தில், பின்னால் பளிங்குத் தூண்களும் பூங்காவும் தெரிகின்றன. பாட்டனார் நாற்காலியில் அமர்ந்திருக்க, பாட்டி நிற்கிறார். பாட்டனார் கையில் புத்தகம் இருக்கிறது. இவற்றிலிருந்து குடும்பத்தின் நிலையை எவ்வளவு தூரம் ஊகிக்கலாம்? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: தூணும் பூங்காவும் துணியில் வரைந்த ஓவியம், நாற்காலியும் மேசையும் விரிப்பும் ஸ்டுடியோவின் சொத்து. பாட்டனாரின் வசதியை அவற்றால் அளக்க முடியாது. ஆனால் அந்தப் பொருள்களைத் தள்ளிவிடவும் வேண்டாம். வேறொரு வேலைக்கு அவை மிகவும் உதவும். அட்டை கிழிந்து பெயர் போய்விட்ட படம் ஒன்று உங்களிடம் இருந்து, அதில் இதே விரிப்பின் பூவேலையும் இதே நாற்காலியின் கால் கடைசலும் இருந்தால், இரண்டும் ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை என்று சொல்ல வலுவான காரணம் கிடைக்கிறது. கொழும்பில் ஸ்கீன், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற நிறுவனங்களின் படங்கள் ஏராளமாகக் கிடைப்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பது நடக்கக்கூடிய காரியமே.

ஆண் அமர, பெண் நிற்பதை உடனே அடக்குமுறையின் சின்னமாகப் படிப்பவர்கள் உண்டு. அதே அமைப்பு லண்டனிலும் பாரிஸிலும் எடுத்த படங்களில் நிறைய இருக்கிறது. பெண்ணின் உடை முழுவதும் தெரியவும், இருவர் தலையும் அருகருகே வரவும் புகைப்படக்காரர் அப்படி நிறுத்துவார். உங்கள் பாட்டனாரின் எண்ணம் எதுவாக இருந்தாலும், நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பதில் ஸ்டுடியோக்காரருக்கும் பங்கு உண்டு. புத்தகமும் ஸ்டுடியோவுடையதாக இருக்கலாம். ஆனால் அது திறந்திருந்து, பக்கத்து எழுத்து லென்ஸில் தமிழாகத் தெரிந்தால், அல்லது அவர் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தால், அது வீட்டிலிருந்து வந்தது என்று எண்ண இடமுண்டு. அமர்ந்திருப்பவர் நேராகக் கேமராவைப் பார்த்து, இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, பாதங்களைத் தரையில் சமமாக ஊன்றியிருக்கிறாரா என்றும் பாருங்கள். ஐரோப்பியர் விரும்பிய ஒருக்களித்த பார்வையை விட்டு நம்மவர்கள் பலர் இந்த நேர்ப்பார்வையிலேயே அமர்ந்தார்கள். ஸ்டுடியோ தந்த தூண்களைவிட இந்த அமர்வில்தான் உங்கள் பாட்டனாரை அதிகம் பார்க்கிறீர்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: பழைய பொருள் கடையில் வாங்கிய அட்டைப் படங்களில் சிலவற்றின் கீழே ‘தோடர் பெண்’, ‘தண்ணீர் சுமப்பவர்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பெயர் எதுவும் இல்லை. இவற்றை எப்படிப் பட்டியலிடுவது? (கோவை வாசகர்)

பதில்: அவற்றை மற்ற உருவப்படங்களோடு கலக்காமல் தனியாகக் குறித்து வையுங்கள். உங்கள் படத்தில் இருப்பவர் பணம் கொடுத்துத் தம் உருவத்தை எடுத்துக்கொண்டவர் அல்லர். ஊட்டியிலும் சென்னையிலும் இருந்த ஸ்டுடியோக்கள், ஆங்கிலேயர் ஆல்பத்தில் ஒட்டிச் சீமைக்கு அனுப்புவதற்காக இத்தகைய படங்களை எடுத்து விற்றன. சாதியையும் தொழிலையும் மட்டும் குறித்து மனிதரின் பெயரை விட்டுவிடும் இந்த மனப்போக்குக்கு அரசும் துணை நின்றது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற படத்தொகுப்பை வாட்சன், கே என்ற இரு அதிகாரிகள் பதிப்பித்தார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆளப்படும் மக்களை இனம் பிரித்து அறிந்துகொள்ளும் ஆவல் அதில் வெளிப்படையாகவே தெரிகிறது.

பட்டியலில், ‘அட்டையில் அச்சாகியுள்ள தலைப்பு’ என்று ஒரு கட்டம் போட்டு அதை அப்படியே எழுதுங்கள். அதை உண்மையான விவரமாக வேறொரு கட்டத்தில் எழுத வேண்டாம். கையில் குடத்தைக் கொடுத்து நிறுத்தப்பட்டவர் தண்ணீர் சுமப்பவராகவே இருந்தார் என்பதற்கு என்ன உறுதி? ஒரே ஆள் ஒரு படத்தில் ஒரு தொழிலாளராகவும் இன்னொன்றில் வேறு தொழிலாளராகவும் நிற்பதைக் கண்டால் வியப்படைய வேண்டாம். தோடர்களின் படம் என்றால், நீலகிரியில் வாழும் தோடர் சமூகத்தாரிடம் நகலைக் காட்டிக் கேளுங்கள். பூத்துக்குளி எனும் போர்வையின் தையல் வேலையையும் கூந்தல் சுருளையும் பார்த்து அவர்கள் சொல்லும் செய்தி, அச்சடித்த தலைப்பைவிடப் பல மடங்கு மதிப்புடையது.

கேள்வி: போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை வாசகர்)

பதில்: லென்ஸில் படம் புள்ளி புள்ளியாக, ஒழுங்கான வரிசையில் தெரிந்தால் அது அச்சுக்கூடத்தில் அச்சிட்டது, புகைப்படம் அன்று. அட்டை பழையதாகவும் படம் புதியதாகவும் இருக்கும் ஏமாற்று வேலையும் உண்டு: பழைய அட்டையில் இருந்த மதிப்பில்லாத படத்தை உரித்துவிட்டு, தேநீர் நிறத்தில் அச்சிட்ட புதுத்தாளை ஒட்டிவிடுவார்கள். ஓரங்களில் பழைய பசையின் தடம் படத்தின் அளவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இவற்றைவிடப் பெருகிவிட்ட ஏமாற்று, பெயரில்தான் இருக்கிறது. தலைப்பாகை கட்டிய முகம் கிடைத்தால் போதும், புகழ்பெற்ற ஒருவரின் பெயரைச் சூட்டி விலையைப் பத்து மடங்கு ஏற்றுகிறார்கள். முக ஒற்றுமையை மட்டும் காட்டி விற்கப்படும் படத்துக்குப் பெயரில்லாத படத்தின் விலைக்குமேல் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடிச் சட்டத்தில் இருந்த படம் ஈரத்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுக்கலாமா? மற்ற படங்களை எப்படிப் பாதுகாப்பது? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: பிரிக்கவே கூடாது, பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு, பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரிடம் மட்டும் கொடுங்கள். மற்றவற்றை அட்டையிலிருந்து உரிக்காமல், ஈரத்துணியால் துடைக்காமல், லாமினேஷன் செய்யாமல், அமிலமற்ற தாளுறையில் தனித்தனியாக வையுங்கள். வெள்ளைக்கரு, ஜெலட்டின், மாப்பசை எல்லாம் வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து. ஆகையால் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் சமையலறைக்கு அருகில் உள்ள பரணும் ஆகாது. வேப்பிலையைப் படத்தின்மேல் நேராக வைத்தால் கறை பிடிக்கும்.

கேள்வி: எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை. இரண்டு ஆல்பங்களில் இருக்கும் குடும்பப் படங்களை என்ன செய்வது? ஒருவர் நல்ல படங்களை மட்டும் தனித்தனியாக விலைக்குக் கேட்கிறார். (கும்பகோணம் வாசகர்)

பதில்: அவருக்குக் கொடுக்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆல்பத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் வைக்கப்பட்டார் என்பதே உறவைச் சொல்லும் சான்று. நல்ல படங்களை உருவிவிட்டால் மிஞ்சியவை யாரென்றே தெரியாத முகங்களாகிவிடும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படங்கள் செருகியிருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, பக்கங்களுக்கு வரிசை எண் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இவர் யார், உங்களுக்கு என்ன உறவு, இதை உங்களுக்கு யார் சொன்னார் என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்; நேரில் கண்டு அறிந்தது, அம்மா சொன்னது, நீங்களாக ஊகித்தது ஆகியவற்றைப் பின்னால் வருகிறவர் பிரித்தறிய அதுதான் வழி. படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தழும்பாகத் தெரியும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை எண்ணிம வடிவில் பதிவு செய்திருக்கிறது. அங்கு எழுதிக் கேளுங்கள். இலங்கை வாசகர்கள் ‘நூலகம்’ என்ற பெயருடைய எண்ணிம ஆவண நிறுவனத்தை அணுகலாம். எந்த நிறுவனமானாலும், நகல் மட்டும் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவார்களா, மூலத்தையே ஏற்பார்களா, ஆல்பத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பார்களா, உங்கள் குறிப்பு நோட்டையும் சேர்த்துப் பாதுகாப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கொடுங்கள். நோட்டின் நகல் ஒன்றைப் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள். இன்று ஆர்வம் இல்லாதவர்கள் ஐம்பது வயதில் கேட்டு வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.